முதலில் நிற்கவைத்துப் பாருங்கள்

காலிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களான சிரைகளில் வரும் நோய்க்கான கருவிகளைக் கையாளப் பழகுவது அவ்வளவு கடினமில்லை. அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே ஊசி போடத் தெரிந்தவர் லேசர் இழையைச் சிரைக்குள் ஏற்றச் சில வாரங்களில் கற்றுக்கொள்வார். இந்தக் காலில் எந்தச் சிரை பழுது, எதை மூடினால் பலன், எதைத் தொடவே கூடாது என்று முடிவெடுக்கக் கற்பதற்குத்தான் நாளாகும். பயிற்சி வகுப்புகள் பலவற்றில் இது தலைகீழாக இருக்கிறது. கருவிக்கு முழு நாள் ஒதுக்குவார்கள், ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம். சிரை சிகிச்சையில் தரம் சரியும் இடங்களைப் பின்னோக்கித் தேடிப் போனால், பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் போய் முட்டுகிறது.

இதற்கு ஒரு காரணம், சிரை நோய் எந்த ஒரு துறைக்கும் முழுச் சொத்து அல்ல என்பது. பொது அறுவை மருத்துவர், ரத்தக்குழாய் அறுவை மருத்துவர், கதிரியக்க மருத்துவர், தோல் மருத்துவர் என்று பலரும் செய்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு நன்றாகத் தெரியும். அறுவை மருத்துவருக்குக் கவட்டையின் உடற்கூறு தெரியும், புரோப் (காலின் மேல் வைக்கும் ஸ்கேன் முனை) பழக்கம் குறைவு. தோல் மருத்துவருக்குப் புண்ணும் நிறமாற்றமும் அத்துப்படி, ஆழ்சிரை அடைப்பு மனத்தில் வராது. ஸ்கேனை வேறொருவர் செய்து தாளில் எழுதி அனுப்ப, சிகிச்சை செய்பவர் தாளை மட்டும் பார்த்து முடிவெடுக்கும்போது இந்த இடைவெளிகள் ஒன்றாகக் கூடிவிடுகின்றன.

மொழியும் குழப்பத்தைக் கூட்டுகிறது. நம் பேச்சில் சிரையும் நரம்புதான், உணர்வு நரம்பும் நரம்புதான். "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்று வருபவரிடம் "நரம்பை லேசர் வைத்து மூடிவிடுவோம்" என்றால், கால் மரத்துப்போய்விடும் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். உண்மையிலேயே உணர்வு நரம்பு பாதிக்கப்படலாம் என்று ஒப்புதல் படிவத்தில் சொல்ல வேண்டிய இடத்தில் இந்தக் குழப்பம் ஆபத்தானது. ரத்தக்குழாய், உணர்வு நரம்பு என்று இரண்டு சொற்களையும் பிரித்துச் சொல்லிப் பழக்குவதைப் பயிற்சியின் முதல் பாடத்திலேயே சேர்க்கலாம்.

சரி, ஸ்கேனுக்கு வருவோம். மேலே போக வேண்டிய ரத்தம் கீழே வழியும் பின்னொழுக்கைத் தேடும் டூப்ளெக்ஸ் பரிசோதனையை (ரத்த ஓட்டத்தையும் காட்டும் அல்ட்ராசவுண்ட்) நோயாளி நிற்கும் நிலையில் செய்ய வேண்டும். சிரைக்குள் ரத்தத்தைக் கீழே விடாமல் பிடிக்கும் வால்வு தாங்குகிறதா இல்லையா என்பது ரத்தத்தின் எடை அதன்மேல் விழும்போதுதான் தெரியும். படுத்த நிலையில் பழுதான சிரை சரியாக இருப்பதுபோலத் தோன்றலாம், விட்டமும் சிறியதாகக் காட்டும். பார்க்க வேண்டிய கால் சற்று மடங்கி வெளிப்புறம் திரும்பியிருக்க, உடல் எடை மறுகாலில் இருக்க வேண்டும். பிடித்துக்கொள்ள உறுதியான ஒரு கம்பி வேண்டும், ஏனென்றால் பத்து நிமிடம் அசையாமல் நிற்கும் சிலருக்கு மயக்கம் வரும். குளிரூட்டிய அறையில் சிரைகள் சுருங்கிவிடும், அறை கதகதப்பாக இருக்கட்டும்.

முதலில் குறுக்குவெட்டில் பாருங்கள். காலின் உட்புறமாகக் கணுக்காலிலிருந்து கவட்டை வரை ஏறும் பெரிய சாஃபினஸ் சிரை இரண்டு திசுப்படலங்களுக்கு நடுவே ஓடுவது திரையில் ஒரு கண்போலத் தெரியும்: மேலும் கீழும் இமைகள், நடுவே கருவிழி. இதற்கு எகிப்தியக் கண் என்று பெயர். பயிற்சி மருத்துவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் இது. தொடையில் படலத்துக்கு வெளியே தோலுக்கடியில் ஓடும் பருத்த கிளையைச் சாஃபினஸ் என்று நினைத்து அளந்துவிடுவார்கள். அறிக்கையில் "சாஃபினஸ் 8 மி.மீ." என்று ஏறிவிடும். உண்மையான சாஃபினஸ் அந்த இடத்தில் 2 மி.மீ. அளவில் ஒடுங்கிக் கிடக்கும், அல்லது இருக்கவே இருக்காது. கண் தெரிகிறதா என்று பார்க்காமல் விட்டத்தை எழுதாதீர்கள். கவட்டைச் சந்திப்பில் சிரை இயல்பாகவே சற்று விரிந்திருக்கும் என்பதால், அங்கே எடுத்த அளவை மட்டும் வைத்தும் முடிவு செய்ய வேண்டாம். சில செ.மீ. கீழேயும், தொடை நடுவிலும், முழங்காலிலும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள்.

பின்னொழுக்கைப் பார்க்கக் கெண்டைச்சதையைக் கையால் சட்டென்று அழுத்தி, சட்டென்று விட வேண்டும். அழுத்தும்போது ரத்தம் மேலே போகும், விட்டதும் கீழே வழிகிறதா என்று பார்க்கிறோம். சாஃபினஸ் சிரைகளில் 0.5 விநாடிக்கு மேல் வழிந்தால் பழுது. தொடையின் ஆழ்சிரையிலும் முழங்கால் பின்புறச் சிரையிலும் 1 விநாடிக்கு மேல். அரைமனதாக அழுத்தினால் மேலே ஏறும் ரத்தமே குறைவாக இருக்கும், வழிய என்ன இருக்கிறது? மேலேறும் அலை திரையில் தெளிவாக வராத சோதனையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, மறுபடி அழுத்துங்கள். ஒரே இடத்தில் விடாமல் திரும்பத் திரும்ப அழுத்தினாலும் சிரை காலியாகிவிடும், நிரம்பக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளரின் வேக அளவுகோல் தமனிக்கு வைத்தபடியே உயரமாக இருந்தால் மெதுவான பின்னொழுக்கு கோட்டோடு கோடாக மறைந்துபோகும். மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லும் சோதனை கவட்டைச் சந்திப்புக்குத்தான் உதவும், கெண்டைக்காலுக்கு அதை நம்ப முடியாது.

ஆழ்சிரைகளைப் பார்க்காத ஸ்கேன் முழுமையான ஸ்கேன் அல்ல. புரோப்பால் அமுக்கினால் சிரை முழுதாக ஒட்டிக்கொள்கிறதா, உள்ளே பழைய ரத்தக்கட்டின் தழும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கவட்டையில் ரத்த ஓட்டம் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக ஓடினால், மேலே இடுப்புச் சிரையில் அடைப்பு இருக்கலாம். அப்படிப்பட்ட காலில் தோலுக்கடியில் புடைத்திருக்கும் சிரை, அடைப்பைச் சுற்றிக்கொண்டு போகும் மாற்றுப்பாதையாக இருக்கக்கூடும். அதை மூடுவது இருக்கும் ஒரே வழியையும் அடைப்பது.

அறிக்கை எழுத்தாக வருவதைவிடப் படமாக வருவது மேல். கால் படத்தில் எங்கே பின்னொழுக்கு தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்தக் கிளை எங்கே பிரிகிறது, கெண்டையின் பின்புறம் ஏறும் சிறிய சாஃபினஸ் எந்த உயரத்தில் ஆழ்சிரையில் சேர்கிறது என்று குறித்திருக்க வேண்டும். அந்தச் சந்திப்பு ஆளுக்கு ஆள் மாறும், சிலருக்குச் சந்திப்பே இல்லாமல் சிரை தொடையின் பின்புறமாக மேலே ஏறிப் போய்விடும். பயிற்சியில் இருப்பவருக்கு நான் பரிந்துரைக்கும் முறை எளிது. அறிக்கையைப் பிரிக்காமல் தாமே ஸ்கேன் பார்த்துப் படம் வரைய வேண்டும், பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். வித்தியாசம் வந்த காலை மூத்தவரோடு சேர்ந்து மூன்றாவது முறை பார்க்க வேண்டும். கற்றல் நடப்பது அந்த மூன்றாவது முறையில்தான்.

வகைப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. 1994இல் உருவாகி 2004இலும் 2020இலும் திருத்தப்பட்ட சீப் வகைப்பாடு, சி0 முதல் சி6 வரை நோயின் நிலையைச் சொல்கிறது: சி2 சுருள் சிரை, சி3 வீக்கம், சி4 தோல் மாற்றம், சி5 ஆறிய புண், சி6 திறந்த புண். கணுக்காலைச் சுற்றி விசிறிபோல விரியும் நுண்சிரைகள் 2020 திருத்தத்தில் சி4சி என்று தனி இடம் பெற்றன. இது நிலையைக் குறிக்கும் பெயர், முன்னேற்றத்தை அளக்கும் அளவுகோல் அல்ல. அளக்க வேண்டுமென்றால் சிரை மருத்துவத் தீவிர மதிப்பெண் இருக்கிறது: 10 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, ஆகக்கூடியது 30. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அதை எழுதாதவர் தம் சிகிச்சை பலித்ததா என்று சொல்ல முடியாது. சி3 என்று எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் மாத்திரை, இதயத் தளர்ச்சி, சிறுநீரகக் கோளாறு, நிணநீர்த் தேக்கம், உடற்பருமன் எல்லாமே காலை வீங்க வைக்கும். பாதத்தின் மேற்புறமும் விரல்களும் வீங்கி, இரண்டாம் கால்விரலின் அடிப்பகுதியில் மேல்தோலைக் கிள்ளி எடுக்க முடியவில்லை என்றால் நிணநீரை நினையுங்கள்.

இனி, எதைச் செய்யாமல் விடுவது என்ற கேள்வி. பின்னொழுக்கு இல்லாத சிரையை மூடக் கூடாது. சிலந்திவலை போன்ற மெல்லிய கோடுகள் மட்டுமே உள்ளவருக்குச் சாஃபினஸில் கை வைக்கக் காரணமில்லை. தோலடிச் சிரைகளை ஆழ்சிரையோடு இணைக்கும் பெர்ஃபரேட்டர் சிரைகளை மூடுவது, அவை 3.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்து, 0.5 விநாடி அல்லது அதற்கு மேல் வெளிப்புறம் வழிந்து, திறந்த அல்லது ஆறிய புண்ணுக்கு அடியில் இருக்கும்போதுதான். சாதாரணச் சுருள் சிரைக்காரருக்கு அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி மூடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சாஃபினஸ் சிரை பின்னாளில் இதயத்துக்கோ காலுக்கோ மாற்றுக்குழாயாகத் தேவைப்படலாம் என்பதும் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு மையத்தின் தரத்தை ஒரே எண்ணால் பார்க்கச் சொன்னால், ஒரு நோயாளிக்குச் சராசரியாக எத்தனை சிரை மூடுகிறார்கள் என்பதைத்தான் முதலில் கேட்பேன். சக மருத்துவர்களைவிட அது பல மடங்கு உயர்ந்திருந்தால், ஸ்கேன் படங்களை வெளியார் ஒருவர் திறந்து பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

லேசராலோ ரேடியோ அலையாலோ சூடாக்கிச் சிரையை மூடும் வெப்ப முறையில் பிழை அதிகம் நடப்பது சிரையைச் சுற்றிச் செலுத்தும் மரப்பு நீரில். வழக்கமான கலவை: 450 மில்லி சலைன், அட்ரினலின் சேர்ந்த 1 சதவீத லிக்னோகெய்ன் (மரப்பு மருந்து) 50 மில்லி, 8.4 சதவீத சோடியம் பைகார்பனேட் 5 முதல் 10 மில்லி. இதில் ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 1 மி.கி. லிக்னோகெய்ன் இருக்கும். ஒரு செ.மீ. சிரைக்குச் சுமார் 10 மில்லி என்று கணக்கிட்டால், 40 செ.மீ. நீளத்துக்கு 400 மில்லி, அதாவது 400 மி.கி. அட்ரினலினோடு சேர்ந்த லிக்னோகெய்னுக்குப் பாடநூல் சொல்லும் வரம்பு கிலோவுக்கு 7 மி.கி. 45 கிலோ எடையுள்ளவருக்கு அது 315 மி.கி. தான். நீர்த்த கலவையாகக் கொழுப்புத் திசுவில் போடும்போது உறிஞ்சப்படுவது மெதுவாக நடப்பதால் இதைவிடக் கூடுதலும் தாங்கும் என்பது உண்மை. ஆனாலும் மெலிந்தவருக்கு இரண்டு காலையும் ஒரே நாளில் செய்யும்போது கூட்டிப் பார்க்காமல் ஊற்றக் கூடாது. லிக்னோகெய்னைப் பாதியாக்கினாலும் மரப்பு போதுமானதாக இருக்கும். ஊசி தொடங்கும் முன்பே மொத்த மி.கி. எவ்வளவு என்று பலகையில் எழுதிவிடுவது நல்ல பழக்கம்.

அந்த நீருக்கு மூன்று வேலை: வலியைத் தடுப்பது, சுற்றியுள்ள திசுவைச் சூட்டிலிருந்து காப்பது, சிரையை நெருக்கிச் சுவரைக் கருவியோடு ஒட்ட வைப்பது. மூன்றும் நடக்க நீர் அந்த எகிப்தியக் கண்ணுக்குள்ளேயே போக வேண்டும். சரியாகப் போனால் குறுக்குவெட்டில் சிரையைச் சுற்றி ஒரு கருவளையம் தெரியும், தோலிலிருந்து சிரை குறைந்தது 1 செ.மீ. கீழே தள்ளப்படும். படலத்துக்கு மேலே போய்விட்டால் தோல் உப்பும், சிரை நெருங்காது. உள்ளே தேங்கிய ரத்தம் சூட்டை வாங்கிக்கொண்டு உறையும், சுவர் வேகாது. அன்று மூடியதுபோலத் தெரிந்த சிரை சில மாதங்களில் திறந்துகொள்ளும். ரேடியோ அலைக் குழாயில் இதை அங்கேயே கண்டுபிடிக்கலாம். அதன் 7 செ.மீ. சூடேறும் பகுதி 120 டிகிரி செல்சியசுக்கு வந்து, 20 விநாடிச் சுற்று ஓடும்போது மின்சக்தி விரைவில் இறங்க வேண்டும். இறங்காமல் உயரத்திலேயே நின்றால் சிரைக்குள் இன்னும் ரத்தம் ஓடுகிறது என்று பொருள். வெளியிலிருந்து அழுத்துங்கள், தலைப்பக்கத்தை இன்னும் தாழ்த்துங்கள், தேவையென்றால் நீரைச் சேர்த்து மறுபடி ஒரு சுற்று கொடுங்கள். சந்திப்புக்கு அருகில் உள்ள முதல் துண்டுக்கு எப்படியும் இரண்டு சுற்று. லேசரில் செ.மீ.க்கு எத்தனை ஜூல் என்று பார்ப்பார்கள். 10 வாட்டில் ஒரு செ.மீ.யை 7 விநாடியில் கடந்தால் 70 ஜூல். தண்ணீரால் உறிஞ்சப்படும் 1470 நானோமீட்டர் அலையில், வட்டமாக ஒளி சிந்தும் இழையோடு, இதைவிடக் குறைவாகவே போதும். பழைய 810, 980 கருவிகளின் அளவை அப்படியே இதற்கு வைத்தால் வலியும் தோல் கன்றலும் மிஞ்சும்.

கருவியின் நுனி கவட்டைச் சந்திப்பிலிருந்து குறைந்தது 2 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும். இதை மரப்பு நீர் போட்ட பிறகு, நோயாளியைத் தலை தாழ்த்திய பிறகு மறுபடி அளக்க வேண்டும், ஏனென்றால் இரண்டுமே நுனியை நகர்த்தும். முதலில் அளந்ததே போதும் என்று விடுவதால்தான் ரத்தக்கட்டு ஆழ்சிரைக்குள் நீள்கிறது. சிகிச்சைக்குப் பின் ஒரு வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் அதை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள்: சந்திப்பு வரை நிற்பது முதல் வகை, ஆழ்சிரையின் பாதிக்கும் குறைவாக நீட்டுவது இரண்டாவது, பாதிக்கு மேல் மூன்றாவது, முழுவதும் அடைப்பது நான்காவது. மூன்றாவதற்கு ரத்தக்கட்டு தடுப்பு மருந்து வேண்டும், நான்காவதை ஆழ்சிரை ரத்தக்கட்டாகவே நடத்த வேண்டும். காலின் கீழ்ப்பகுதியில் பெரிய சாஃபினஸோடு ஒட்டி ஒரு உணர்வு நரம்பு ஓடுகிறது, சிறிய சாஃபினஸோடு இன்னொன்று. முழங்காலுக்குக் கீழே எவ்வளவு தூரம் இறங்குகிறோமோ அந்த அளவுக்கு மரத்துப்போகும் வாய்ப்பு கூடும் என்பதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

மருந்தை நுரையாக்கிச் சிரைக்குள் செலுத்தி மூடும் நுரை ஊசிக்கு டெசாரி 2000இல் விவரித்த முறைதான் இன்றும். மூவழித் திறப்பில் இணைத்த இரண்டு சிரிஞ்சுகள், ஒரு பங்கு மருந்துக்கு நான்கு பங்கு காற்று, 20 முறை இங்குமங்கும் தள்ளல். நுரை விரைவில் பிரியும் என்பதால் செலுத்தும் ஊசி சிரைக்குள் நிலைத்த பிறகே நுரையைத் தயார் செய்யுங்கள். ஒரு அமர்வில் 10 மில்லிக்கு மேல் வேண்டாம். செலுத்தும்போது நோயாளி கடும் வலி என்றால் உடனே நிறுத்துங்கள், ஊசி தமனியில் இருக்கலாம். அட்ரினலின் அறையிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒவ்வாமை அதிர்ச்சிக்கு 0.5 மி.கி., தொடையின் வெளிப்புறத் தசையில். அது எங்கே இருக்கிறது என்று அறையில் உள்ள ஒவ்வொருவருக்கும் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

காலைத் துணியால் சுற்றி இறுக்கும் அழுத்தக் கட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிரைப் புண்ணை ஆற்றும் வேலையில் பெரும்பங்கு இதற்குத்தான், பயிற்சியில் இதற்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. கட்டுவதற்கு முன் கணுக்கால்–கை அழுத்த விகிதம், அதாவது கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து வரும் எண், பார்க்க வேண்டும். 10 நிமிடம் படுக்க வைத்து, டாப்ளர் வைத்து எடுக்க வேண்டும், விரலால் நாடி தட்டுப்பட்டது என்பது போதாது. 0.5க்குக் கீழே என்றால் அழுத்தக் கட்டு கிடையாது, முதலில் தமனியைக் கவனிக்க வேண்டும். 0.5க்கும் 0.8க்கும் நடுவே குறைந்த அழுத்தம், நெருக்கமான கண்காணிப்போடு. நீரிழிவு உள்ளவருக்குத் தமனி சுண்ணாம்பேறி விகிதம் 1.3க்கு மேல் பொய்யாக ஏறும். அங்கே கால்விரல் அழுத்தத்தைப் பாருங்கள்.

கட்டின் கணக்கு லாப்லாஸ் விதி. இழுவையும் அடுக்குகளும் கூடினால் அழுத்தம் கூடும், காலின் சுற்றளவு கூடினால் குறையும். அதனால்தான் ஒரே இழுவையில் கட்டினாலே கணுக்காலில் அதிகமும் கெண்டையில் குறைவும் தானாக அமைகிறது. இதே விதிதான் தீங்கும் செய்கிறது. முன்னெலும்பின் விளிம்பு மிகச் சிறிய வளைவு, அங்கே அழுத்தம் தாறுமாறாக ஏறித் தோல் செத்துப்போகும். பஞ்சு அடுக்கை அங்கும் கணுக்கால் எலும்புகள் மேலும் தாராளமாக வையுங்கள். கணு ஒடுங்கிக் கெண்டை பருத்த காலில், பஞ்சால் முதலில் வடிவத்தைச் சரிசெய்த பிறகு கட்டுங்கள். பாதம் செங்கோணத்தில், விரல்களின் அடியிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை, குதிகாலை விடாமல், மீள்துணியைப் பாதி நீட்டிப் பாதி மேற்படிய. துணி வழுக்குகிறதே என்று மேலே இறுக்கிக் கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. அது ரத்தத்தை மேலே ஏறவிடாமல் தடுக்கும். புண்ணுக்குக் கணுக்காலில் சுமார் 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் இலக்கு. தான் கட்டிய கட்டின் அழுத்தம் எவ்வளவு என்று கையால் யூகிக்க முடியாது. கட்டுக்கு அடியில் வைக்கும் சிறிய அழுத்தமானி ஒன்றை வாங்கி, செவிலியர்கள் ஒருவர் காலில் ஒருவர் கட்டி எண்ணைப் பார்த்துப் பழகட்டும். பயிற்சி முடிந்து சில மாதங்களில் கை பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடும், அதனால் அழுத்தமானியைப் பெட்டியில் பூட்ட வேண்டாம்.

புண்ணுள்ளவரை ஸ்கேனுக்கு அனுப்புவதில் நடக்கும் தாமதம்தான் என்னை அதிகம் உறுத்துவது. 2018இல் வெளிவந்த எவ்ரா ஆய்வு 450 பேரிடம் பின்னொழுக்குள்ள சிரையை உடனே மூடுவதையும், புண் ஆறும் வரை அல்லது ஆறு மாதம் காத்திருந்து மூடுவதையும் ஒப்பிட்டது. இரு பக்கமும் அழுத்தக் கட்டு உண்டு. உடனே மூடியவர்களுக்குப் புண் ஆற நடுவளவாக 56 நாள், மற்றவர்களுக்கு 82 நாள். அதற்கு முன் 2004இல் எஷார் ஆய்வு, கட்டோடு அறுவையும் செய்தால் ஓராண்டில் புண் திரும்புவது 28 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைவதைக் காட்டியிருந்தது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013இல் கொடுத்த வழிகாட்டுதல், முழங்காலுக்குக் கீழே இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணைச் சிரை மையத்துக்கு அனுப்பச் சொல்கிறது. இவ்வளவு இருந்தும் புண்ணுக்கு மாதக்கணக்கில் மருந்து மாற்றிக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள், காலை ஒருமுறைகூட நிற்கவைத்துப் பார்க்காமல். காய்ச்சலோ, பரவும் சிவப்போ, புதிய வலியோ இல்லாத புண்ணுக்கு நுண்ணுயிர்க்கொல்லி தேவையில்லை. நன்றாகக் கட்டியும் மூன்று மாதத்தில் சுருங்காத புண், விளிம்பு புடைத்து எழும் புண் இரண்டிலிருந்தும் திசு எடுத்துப் புற்று இல்லையென்று உறுதி செய்ய வேண்டும். முதல் கட்டு போட்ட நாளுக்கும் முதல் டூப்ளெக்ஸ் நாளுக்கும் நடுவே எத்தனை நாள் என்று ஒவ்வொரு நோயாளிக்கும் எழுதி வைத்தால், மையத்தின் பலவீனம் ஒரே மாதத்தில் கண்ணில் படும்.

பயிற்சிக் குறிப்பேடு பற்றி ஒன்று. இப்போது பெரும்பாலும் எத்தனை லேசர், எத்தனை நுரை ஊசி என்றுதான் அதில் எழுதச் சொல்கிறார்கள். இன்னும் மூன்று பத்திகளைச் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. தாமே நிற்கவைத்து ஸ்கேன் பார்த்த கால்கள் எத்தனை, அதில் மூத்தவர் படத்தோடு ஒத்துப்போனவை எத்தனை, பார்த்துவிட்டுச் சிகிச்சை வேண்டாம் என்று காரணத்தோடு திருப்பி அனுப்பியவர்கள் எத்தனை. மூன்றாவது பத்தி காலியாக இருக்கும் குறிப்பேட்டில் தேர்வாளர் கையெழுத்துப் போடக் கூடாது.